ஒரே புள்ளி தெரிந்தால் ஒரே பொருள்தானா?

கேட்கப்பட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இளநிலை வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் 20 கிராம் மஞ்சள் தூளை அசிட்டோனில் ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கியிருக்கிறார். 1.9 கிராம் பிசுபிசுப்பான செம்மஞ்சள் எச்சம் கிடைத்தது. அதை ஹெக்சேன் விட்டுப் பலமுறை கழுவியபின் 0.8 கிராம் உலர்ந்த தூள் மிஞ்சியது. சிலிக்கா தட்டில் எத்தில் அசிட்டேட்டை ஏறவிட்டுப் பார்த்தபோது உச்சிக்கு அருகில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. உருகுநிலை 168 முதல் 174 டிகிரி செல்சியஸ். "இதைத் தூய குர்குமின் என்று பதிவேட்டில் எழுதலாமா? பொருள்களைப் பிரிப்பதற்கும் கண்டறிவதற்கும் இத்தனை முறைகள் பாடத்தில் வருகின்றனவே, எதை எப்போது நம்புவது?" என்பது அவருடைய கேள்வி.

எழுதக்கூடாது. அதற்கான காரணம் அவர் தந்திருக்கும் எண்களிலேயே இருக்கிறது. புதிதாக எந்தக் கருவியும் தேவையில்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமானது ஒரே ஒரு சேர்மம் அன்று. குர்குமின், அதிலிருந்து ஒரு மெத்தாக்சி தொகுதி (ஆக்சிஜனோடு ஒட்டிய ஒரு கார்பன் துணுக்கு) குறைந்த டெமெத்தாக்சிகுர்குமின், இரண்டுமே குறைந்த பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின் என்று மூன்று சேர்மங்கள் கிழங்கில் சேர்ந்தே இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துக் குர்குமினாய்டுகள் என்கிறோம். கடையில் குர்குமின் என்று விற்கப்படும் தூளிலும் ஏறக்குறைய முக்கால் பங்குதான் குர்குமின். மீதி பெரும்பாலும் மற்ற இரண்டும்தான். மாணவரிடம் இருப்பது இந்தக் கலவை. பிரிப்பு முறைகளைப் பற்றிப் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை என்பதால், பதில் முழுவதையும் இதை வைத்தே எழுதுகிறேன்.

எடையிலிருந்து தொடங்குவோம். நல்ல மஞ்சளில் குர்குமினாய்டுகள் பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை இருக்கும். 20 கிராமில் 0.6 முதல் 1 கிராம் வரை எதிர்பார்க்கலாம். ஆகவே 1.9 கிராம் எச்சத்தை அப்படியே குர்குமின் என்று யாராவது சொன்னால், நிறமாலை எதையும் பார்க்காமலேயே மறுத்துவிடலாம். அது மஞ்சள் ஓலியோரெசின், அதாவது நிறமியும் எண்ணெயும் பிசினும் கலந்த சாறு. ஹெக்சேனில் கழுவியதும் எடை 0.8 கிராமாகக் குறைந்தது நம்பத்தக்கது. முனைவுத்தன்மை இல்லாத ஹெக்சேன் எண்ணெயையும் கொழுப்பையும் இழுத்துக்கொள்ளும். பீனால் தொகுதிகள் கொண்ட குர்குமினாய்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிடைத்த எடை நியாயமானதா என்று பார்ப்பதும் அடையாளம் காண்பதில் ஒரு படிதான். அதைத் தவிர்த்துவிட்டு நேரே கருவிக்கு ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழுவிப் போன அந்த எண்ணெய் உங்களுக்குத் தேவை என்றால் வழி வேறு. தூளை நீருடன் கொதிக்கவிட்டு, ஆவியோடு எண்ணெயையும் கொண்டுவந்து குளிரவைத்துப் பிரிக்க வேண்டும். மஞ்சள் மணத்துக்குக் காரணமான டர்மெரோன்களின் கொதிநிலை நீரைவிட மிக உயர்ந்தது. இருந்தும் நூறு டிகிரிக்குக் குறைவாகவே அவை வெளியேறுகின்றன. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களின் ஆவியழுத்தங்கள் தனித்தனியே நின்று கூடுவதும், அந்தக் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தத்தை எட்டியதுமே கலவை கொதித்துவிடுவதும்தான் இதன் காரணம். ஆய்வகங்களில் இதற்குக் கிளெவெஞ்சர் என்ற கண்ணாடிக் கருவி இருக்கிறது. அப்படி எடுத்த எண்ணெயை வாயு வண்ணப்பிரிகையில், அதாவது பொருளை ஆவியாக்கி வாயுவோடு ஓடவிட்டுப் பிரிக்கும் முறையில், செலுத்தலாம். குர்குமினை அதில் செலுத்த முடியாது. ஆவியாவதற்கு முன்பே சிதைந்துவிடும். எந்தப் பொருளுக்கு எந்த முறை என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட எளிய கேள்வியில் முடிவாகிறது: இது சிதையாமல் ஆவியாகுமா, ஆகாதா?

அடுத்தது உருகுநிலை. தூய குர்குமின் 183 டிகிரிக்கு அருகில் உருகும். இங்கே 168-இல் தொடங்கி 174 வரை நீண்டிருக்கிறது. இதில் இரண்டு செய்திகள் உள்ளன: உருகுநிலை தாழ்ந்திருக்கிறது, வீச்சும் அகன்றிருக்கிறது. மாசு கலந்தால் இரண்டும் சேர்ந்தே நிகழும். "கலந்திருக்கும் மாசு குர்குமினைவிட அதிக வெப்பநிலையில் உருகுவதாக இருந்தால் உருகுநிலை உயராதா?" என்று கேட்பார்கள். உயராது. பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின் தனியே 200 டிகிரிக்கும் மேல்தான் உருகுகிறது. ஆனாலும் அது சிறிதளவு கலந்தால் குர்குமினின் உருகுநிலை தாழத்தான் செய்யும். கலக்கும் பொருளின் சொந்த உருகுநிலை எதுவானாலும், அது படிகத்துக்குள் பொருந்தாமல் உருகிய திரவத்தில் மட்டும் கரைந்து நிற்பதால், திரவ நிலைக்கே சாதகம் கூடுகிறது. நுண்குழாயைச் சூடேற்றும் வேகத்தையும் கவனியுங்கள். 160-ஐத் தாண்டியதும் நிமிடத்துக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் ஏற்றினால், பொருள் உருகும் வெப்பநிலை ஒன்றாகவும் வெப்பமானி காட்டுவது வேறொன்றாகவும் இருக்கும்.

உருகுநிலையை வைத்து அடையாளம் காண்பதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. இன்றும் அதற்கு மதிப்பு குறையவில்லை. உங்கள் பொருளையும், ஐயமின்றிக் குர்குமின் என்று அறியப்பட்ட மாதிரியையும் சம அளவில் அரைத்துக் கலந்து உருக்கிப் பாருங்கள். தனித்தனியே இரண்டும் 183-இல் உருகி, கலவையும் 183-இலேயே உருகினால் இரண்டும் ஒன்றே என்று கொள்ளலாம். கலவை மட்டும் தாழ்ந்து உருகினால் அவை வெவ்வேறு பொருள்கள். இருவரும் தற்செயலாக ஒரே உருகுநிலையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். நிறமாலைக் கருவிகள் வருவதற்கு முன் வேதியியலர்கள் நீண்ட காலம் இதை நம்பித்தான் வேலை செய்தார்கள்.

இப்போது அந்த ஒற்றைப் புள்ளிக்கு வருவோம். மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையில், அல்லது நாம் வழக்கமாகச் சொல்வதுபோல் டி.எல்.சி.யில், ஒரு போட்டி நடக்கிறது. சிலிக்காவின் பரப்பு நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கின்றன. பொருளின் மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்த அவை முயல்கின்றன. கீழிருந்து ஏறிவரும் கரைப்பான் அவற்றைப் பிடுங்கி மேலே கொண்டுபோக முயல்கிறது. எத்தில் அசிட்டேட் இந்தப் போட்டியில் மிகவும் வலிய ஆள். மூன்று குர்குமினாய்டுகளையும் பாகுபாடில்லாமல் அள்ளி உச்சிக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து ஒரே புள்ளியாகத் தெரிகின்றன. உச்சியில் தெரியும் ஒற்றைப் புள்ளியும் தொடக்கக் கோட்டிலேயே நகராமல் நிற்கும் ஒற்றைப் புள்ளியும் எதையும் நிறுவுவதில்லை. கரைப்பான் ஏறிய தூரத்தில் பொருள் எத்தனை பங்கு ஏறியது என்பதைக் குறிக்கும் ஆர்.எஃப். மதிப்பு 0.2-க்கும் 0.6-க்கும் இடையில் விழும்படி கரைப்பானை மாற்றியமைத்த பிறகுதான் புள்ளிகளை எண்ண வேண்டும்.

குளோரோபார்ம் 95 பங்கு, மெத்தனால் 5 பங்கு என்ற கலவையில் அதே தூளை ஓட்டிப் பாருங்கள். சாயம் எதுவும் தெளிக்காமலேயே மூன்று மஞ்சள் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். மேலே குர்குமின், நடுவில் டெமெத்தாக்சி, கீழே பிஸ்டெமெத்தாக்சி. இந்த வரிசை ஏன் என்பது மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, யோசித்தால் கிடைத்துவிடும். குர்குமினில் ஒவ்வொரு பீனால் ஹைட்ராக்சிலுக்கும் பக்கத்திலேயே ஒரு மெத்தாக்சி இருக்கிறது. ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் அந்த மெத்தாக்சியின் ஆக்சிஜனோடு பிணைப்பு வைத்துக்கொள்வதால், சிலிக்காவைப் பற்றிக்கொள்ள அதற்கு நாட்டம் குறைவு. பிஸ்டெமெத்தாக்சியில் அந்த அண்டைவீட்டுத் துணை இல்லை. அதன் ஹைட்ராக்சில்கள் இரண்டும் சிலிக்காவை இறுகப் பிடிக்கின்றன. ஆகவே அது பின்தங்குகிறது.

தட்டைத் தயாரிக்கும்போது மூன்று புள்ளிகள் இடுங்கள்: இடப்புறம் உங்கள் மாதிரி, வலப்புறம் அறியப்பட்ட குர்குமின், நடுவில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக. நடுப்புள்ளி இரண்டாகப் பிளந்தால் இரண்டும் வேறு. பிளக்காவிட்டால் இந்தக் கரைப்பானில் வேறுபாடு தெரியவில்லை என்று மட்டும் பொருள். கோட்டைப் பென்சிலால்தான் இட வேண்டும். என் மாணவப் பருவத்தில் ஒருமுறை அவசரத்தில் பந்துமுனைப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, நீலமும் ஊதாவுமாக மூன்று பட்டைகள் ஏறி வருவதைக் கண்டு, புதிய சேர்மம் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் கால்மணி நேரம் திளைத்திருக்கிறேன்.

வண்ணப்பிரிகை என்ற பெயருக்கும் இதே வகையான காட்சிதான் காரணம். ரஷ்யத் தாவரவியலர் மிகாயில் ஸ்வெட் 1903-இல் வார்சாவில் ஆற்றிய உரையில் தம் முறையை முதலில் அறிவித்தார். இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கரைப்பானால் கழுவியபோது, பச்சையும் மஞ்சளுமாகப் பட்டைகள் தனித்தனியே பிரிந்து இறங்கின. 1906-இல் அவர் எழுதிய கட்டுரைகள் மூலம் அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் அக்கால வேதியியலர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1931-இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் கூன், லெடரர் என்ற வேதியியலர்கள் கரோட்டினாய்டுகளைப் பிரிக்க எடுத்துக்கொண்ட பிறகே மீண்டும் உயிர்பெற்றது. 1941-இல் மார்ட்டினும் சிங்கும், பொருள் இரண்டு திரவங்களுக்கிடையே பங்கிட்டுக்கொள்வதை வைத்துப் பிரிக்கும் பங்கீட்டு வண்ணப்பிரிகையை வெளியிட்டார்கள். அவர்கள் வேலை செய்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆய்வு நிலையம் ஒன்றில். கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிப்பதே அவர்கள் முன்னிருந்த சிக்கல். 1952-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

மூன்றையும் தனித்தனியே கையில் எடுக்க வேண்டுமானால் ஸ்வெட் செய்ததையேதான் நாமும் செய்கிறோம். சுண்ணாம்புக்குப் பதில் சிலிக்கா. ஆய்வகத்தில் இதைக் 'காலம் போடுவது' என்போம்; காலம் என்பது column என்ற ஆங்கிலச் சொல், சிலிக்கா நிரப்பிய குழாய். சிலிக்காவைக் கரைப்பானில் கூழாக்கி, குழாயைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் பட்டை அந்த இடத்தில் கோணலாக இறங்கி அடுத்த பட்டையோடு கலந்துவிடும். கரைப்பான் மட்டம் சிலிக்காவுக்குக் கீழே போய்விட்டால் நிரப்பியது வெடித்துப் பிளவுபடும். அன்றைய உழைப்பு அத்தோடு போயிற்று. டி.எல்.சி.யில் நன்றாகப் பிரித்த கரைப்பானை அப்படியே காலத்தில் ஊற்றக்கூடாது. மெத்தனாலை ஒரு பங்கு அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துங்கள். இறங்கிவரும் திரவத்தைச் சிறு குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றையும் மறுபடி தட்டில் பார்த்து, ஒரே பொருள் உள்ளவற்றை மட்டும் சேர்த்து ஆவியாக்குங்கள். பிறகு எத்தனாலில் படிகமாக்கினால் உருகுநிலை ஏறுவதை நீங்களே காணலாம். உருகுநிலை இனி ஏறாது என்ற நிலை வரும்வரை படிகமாக்குவதுதான் முறை.

உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை, அதாவது எச்.பி.எல்.சி., இதே வேலையை நுண்ணிய துகள்கள் நிரப்பிய எஃகுக் குழாயில் உயர் அழுத்தத்தில் செய்கிறது. வழக்கமாகப் பயன்படும் குழாயில் சிலிக்காவின் மேல் 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே பரப்பு எண்ணெய்த்தன்மை கொண்டதாகிவிடுகிறது. அசிட்டோநைட்ரைலும் அமிலம் சேர்த்த நீரும் ஓடும்போது வரிசை தலைகீழாகிறது: பிஸ்டெமெத்தாக்சி முதலில் வெளிவரும், குர்குமின் கடைசியில். டி.எல்.சி.யில் முந்தியது இங்கே பிந்துகிறது. ஒரு பொருள் இரண்டு எதிரெதிர்ப் பரப்புகளிலும் எதிர்பார்த்த இடத்தில் வந்தால், ஒரே பரப்பில் இருமுறை ஓட்டியதைவிட அந்தச் சான்று வலியது.

இதுதான் மாணவரின் இரண்டாவது கேள்விக்கு என் விடை. எந்த ஒரு முறையும் தனித்து நம்பத்தக்கது அன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பண்புகளை அளக்கும் முறைகள் ஒரே பெயரைச் சொல்லும்போது மட்டும் நம்புங்கள். பொருந்தாமல் போன ஒரு சான்று, பொருந்திய மூன்று சான்றுகளைவிடக் கனமானது என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறமாலைகளை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். குர்குமின் 425 நானோமீட்டருக்கு அருகில் ஒளியை மிக வலுவாக உட்கவர்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் கரைந்திருந்தாலே ஒரு சென்டிமீட்டர் கலத்தில் 0.3 அளவுக்கு உட்கவர்தல் கிடைக்கும். அளவிடுவதற்கு அருமையான முறை. ஆனால் மற்ற இரண்டும் சில நானோமீட்டர் தள்ளி ஏறக்குறைய அதே இடத்தில்தான் உட்கவர்கின்றன. எனவே மொத்தக் குர்குமினாய்டு எவ்வளவு என்று இது சொல்லும். எது எவ்வளவு என்று சொல்லாது. காரம் சேர்த்தால் கரைசல் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்ததும் நாம் காண்பது இதைத்தான். பீனால் தொகுதிகள் புரோட்டானை இழப்பதால் வரும் நிறமாற்றம் அது. கார ஊடகத்தில் குர்குமின் விரைவில் சிதையும் என்பதால், சிவந்த கரைசலை வைத்து அளவீடு செய்ய வேண்டாம்.

அகச்சிவப்பு நிறமாலையில் சாதாரணக் கீட்டோன்களுக்கு 1700-ஐ ஒட்டி வரும் வலிய பட்டை குர்குமினுக்கு இல்லை. மாறாக 1628, 1602, 1512 என்ற அலை எண்களை ஒட்டிப் பட்டைகள் வரும். நடுவில் உள்ள இரண்டு கார்பனைல்களும் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள்) ஈனால் வடிவத்தில், அதாவது ஒன்று ஹைட்ராக்சிலாக மாறிய வடிவத்தில், ஹைட்ரஜனைப் பகிர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம் இது. மூலக்கூறுகளை அயனிகளாக்கி எடைபோடும் நிறைநிறமாலையில் புரோட்டான் ஏற்ற அயனிகள் 369, 339, 309 என்று சரியாக முப்பது முப்பதாக இறங்கும். ஒரு மெத்தாக்சி போய் அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்தால் குறைவது 30. குர்குமின் உடைந்தால் 177 என்ற துண்டு கிடைக்கும். பிஸ்டெமெத்தாக்சியில் அது 147. நடுவில் இருப்பது இரு பக்கமும் வேறுபட்டிருப்பதால் இரண்டையும் தரும். சில கருவிகளில் 149 என்ற அயனி தலைகாட்டினால் புதிதாக எதையோ கண்டதாக எண்ண வேண்டாம். பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் தாலேட்டுகளின் கைரேகை அது; கரைப்பானை எந்தக் குப்பியில் வைத்திருந்தீர்கள் என்று தேடுங்கள்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் அனுமதி என்றால் நான் கேட்பது அணுக்கரு காந்த ஒத்ததிர்வைத்தான்; மூலக்கூறின் ஹைட்ரஜன் அணுக்களை, அதாவது புரோட்டான்களை, அவை இருக்கும் சூழலுக்கேற்பத் தனித்தனி முகடுகளாகக் காட்டும் முறை அது. டியூட்டீரியம் ஏற்றிய குளோரோபார்மில், அதன் அளவுகோலில் 5.8-க்கு அருகில் ஈனால் பகுதியின் ஒற்றைப் புரோட்டான் தெரியும், 3.9-ஐ ஒட்டி மெத்தாக்சி புரோட்டான்கள். இரண்டு முகடுகளின் பரப்பையும் ஒப்பிடுங்கள். தூய குர்குமினில் மெத்தாக்சிக்கு ஆறு, ஈனாலுக்கு ஒன்று. டெமெத்தாக்சியில் மூன்றுக்கு ஒன்று. கடைசியானதில் மெத்தாக்சியே இல்லை. மாணவரின் தூளில் இந்த விகிதம் ஆறுக்கும் சற்றுக் குறைவாக வரும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மற்ற இரண்டும் கலந்திருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர் தொடங்கியது கடையில் வாங்கிய தூளிலிருந்து. மேலே விவரித்த வழியில் சில கலப்படங்கள் கண்ணிலேயே படாது. மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் நீரில் கரையும், குர்குமின் நீரில் ஏறக்குறைய கரையாது. எனவே தூளை முதலில் நீரில் குலுக்கி வடிகட்டினாலே பிரிந்துவிடும். வடிநீரில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் ஊதா கலந்த சிவப்பு வரும். குர்குமினும் அடர் அமிலத்தில் சிவக்கும் என்பதுதான் இங்கே பொறி. நீர் விட்டு நீர்க்கச் செய்ததும் குர்குமினின் சிவப்பு மறையும், சாயத்தின் நிறம் நிற்கும்.

ஈயம் கொண்ட மஞ்சள் நிறமியான லெட் குரோமேட் அதைவிடக் கொடியது. அது அசிட்டோனிலும் கரையாது, நீரிலும் கரையாது. வடிதாளில் தங்கிய எச்சத்தோடு குப்பைக்குப் போய்விடும். உங்கள் தட்டிலும் நிறமாலையிலும் அதன் சுவடே இருக்காது. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பூட்ட இது கலக்கப்பட்டது 2019-இல் வெளியான ஆய்வுகளில் உறுதியானது. பிறகு சந்தைகளில் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவிகளைக் கொண்டு சோதனை நடந்தது. கல்லூரியில் செய்ய எளிய வழி: தூளைச் சாம்பலாக்கி, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து வடிகட்டி, டைபீனைல்கார்பசைடு கரைசலைச் சில சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் குரோமேட் இருக்கிறது. ஈயத்தைத் தனியே பார்க்க, சாம்பலின் மற்றொரு பகுதியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பொட்டாசியம் அயோடைடு சேர்க்கலாம். விழும் மஞ்சள் வீழ்படிவு கொதிநீரில் கரைந்து, ஆறும்போது பொன் தகடுகளாக மின்னிக்கொண்டு மீளும். அளவு வேண்டுமானால் அணு உட்கவர் நிறமானிதான்.

ஆகவே மாணவர் அடுத்து செய்ய வேண்டியது இது. பதிவேட்டில் 'குர்குமினாய்டு கலவை, 0.8 கிராம், உருகுநிலை 168–174' என்று எழுதட்டும். வடிதாளில் தங்கிய எச்சத்தை எறிந்திருக்காவிட்டால் அதைச் சாம்பலாக்கிப் பார்க்கட்டும். தூளைப் பழுப்புநிறக் குப்பியில் ஒளிபடாமல் வைத்துக்கொண்டு, குளோரோபார்ம்–மெத்தனால் கலவையில் தட்டை மறுபடி ஓட்டட்டும். புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறையோடு.